புளிப்பின் கணக்கு: அப்ப மாவிலிருந்து பாண் வரை



கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருக்கிற நேரத்தில் வாசியுங்கள். வீட்டில் உம்மாவோ மூத்தம்மாவோ இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். இது அவர்களுடைய சரித்திரம்.

கொழும்பிலே இப்போது ‘சவர்டோ’ என்று ஒரு பாண் விற்கிறார்கள். தமிழில் புளிமாப் பாண் என்று சொல்லலாம். கடை ஈஸ்ட் போடாமல் மாவைத் தானாகப் புளிக்க வைத்துச் சுடுவது. விலை சாதாரணப் பாணைவிடப் பல மடங்கு. வெளிநாட்டில் இருக்கிற எங்கள் பிள்ளைகளில் சிலர் அதை வீட்டிலேயே சுடப் பழகியிருக்கிறார்கள். 2020இல் கொரோனாவுக்காக உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது பரவிய பழக்கம் அது. சுடுகிறவர்களின் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: “புளிப்புக் கூடிப்போச்சு, எப்படிக் குறைக்கிறது?”

இந்தக் கேள்வியைத் திருகோணமலையில் அப்பம் சுடுகிற எந்தப் பெண்ணிடம் கேட்டாலும் பதில் உடனே வரும். “பழைய மாவைக் குறை. நேரத்தைப் பார். சூட்டைப் பார்.” அவர் சவர்டோ பாணைக் கண்ணாலும் கண்டிருக்கமாட்டார். ஆனாலும் அவர் சொல்லும் பதில் சரி. ஏன் சரி என்பதுதான் இந்தப் பதிவு.

கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித்தந்த விதி ஒன்று: தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ. ஆகவே அப்பத்திலிருந்து தொடங்குவோம்.

*1. பாங்கோடு ஓடும் மா*

எங்கள் ஊரில் அப்ப மாவுக்குக் கடிகாரம் தேவைப்பட்டதில்லை. பாங்கு இருந்தது. லுஹருக்குப் பச்சரிசியை ஊறப்போடுவது. அஸருக்குப் பிறகு வடித்து, உரலில் இடித்து, அரிதட்டில் அரித்து எடுப்பது. இஷாவுக்குப் பழைய மாவில் ஒரு அகப்பையைச் சேர்த்து, தேங்காய்த் தண்ணீர் விட்டு, கொஞ்சம் சீனி போட்டுப் பிசைந்து மூடுவது. சுபஹுக்கு முன் எழும்பித் திறந்தால் மா பொங்கி, மேலே சிறு கண்கள் கண்களாக இருக்கும். அதற்குப் பிறகுதான் உப்பும் தேங்காய்ப்பாலும். இப்போது உரல் போய் கிரைண்டரும் மில்லும் வந்துவிட்டன. ஆனால் நேரக்கணக்கு மாறவில்லை.

மாவை மென்மையாக்க ஒரு பிடி சோற்றையோ ஊறவைத்த பாண் துண்டையோ சேர்த்து அரைக்கிறவர்களும் உண்டு. வெந்த மாப்பொருளை நுண்ணுயிர்கள் இலகுவாகச் சாப்பிடும். கேரளத்தில் மாவில் ஒரு பங்கைக் கஞ்சியாகக் காய்ச்சிச் சேர்ப்பதும் இதற்காகத்தான். எத்தியோப்பியாவில் இன்ஜெரா சுடும் பெண்களும் புளித்த மாவில் ஒரு பங்கைக் காய்ச்சித் திருப்பி ஊற்றுகிறார்கள். அவர்கள் போன தடவைப் புளித்த மாவின் மேல் தெளிந்த மஞ்சள் நீரை எடுத்து வைத்து அடுத்த மாவுக்கு உறையாக விடுவார்கள். யெமனிலும் சோமாலியாவிலும் சுடும் லஹூஹ் என்ற அப்பமும் அதே இனம்: புளித்த மா, ஒரு பக்கம் மட்டும் வேகும், மறுபக்கம் முழுக்கக் கண்கள். கடலின் இரண்டு கரையிலும் ஒரே வேலையைப் பெண்கள் தனித்தனியாகச் செய்திருக்கிறார்கள்.

இந்த வேலையின் உயிர் புளிப்பு. புளிப்பே இல்லாவிட்டால் அப்பம் பச்சை மா நாறும். கூடினால் வாய் கூசும், அப்பம் சட்டியில் ஒட்டும், விளிம்பு முறுகாது. இரண்டுக்கும் நடுவில் உள்ள நேரம் மிகக் குறுகியது. அதைப் பிடிக்கத் தெரிந்தவர்தான் அப்பக்காரி.

இதில் இன்னொரு சோதனையும் உண்டு. எங்கள் ஊர் வெயில். மாரி காலத்தில் வாடைக்காற்று அடிக்கும்போது மா சோம்பிக் கிடக்கும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது இரவிலும் வெக்கை இறங்காது. அப்போது இஷாவுக்குக் கலந்த மா சுபஹுக்கு முன்பே புளித்து அடங்கிவிடும். ஆகவே அந்த மாதங்களில் கலக்கும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். பழைய மாவை ஒரு அகப்பையிலிருந்து அரை அகப்பைக்குக் குறைப்பார்கள். சட்டியை ஈரமணலில் வைப்பார்கள். நோன்பு மாதத்தில் அப்பத்தின் வியாபாரம் பின்நேரத்துக்கு மாறும். அப்போது மா பகல் வெயிலில் புளிக்கும். ஒன்பது மணித்தியாலக் கணக்கு ஐந்து மணித்தியாலமாகச் சுருங்கும். எந்தப் புத்தகமும் இல்லாமல் அந்த மாற்றத்தை முதல் நோன்பிலேயே சரியாகச் செய்கிறார்கள்.

*2. கள்ளும் கமீரும்*

அப்ப மாவைப் பொங்க வைக்க இந்தத் தீவில் நெடுங்காலமாகப் பயன்பட்டது கள்ளு. தென்னங்கள்ளோ பனங்கள்ளோ, கொஞ்சம் விட்டால் போதும். பாளையிலிருந்து இறக்கிய சாற்றில் காட்டு ஈஸ்ட் தானாகவே குடியேறிவிடும். சில மணித்தியாலங்களில் நுரைக்கத் தொடங்கும். காலையில் இனிப்பாக இருப்பது பின்நேரத்தில் கடுக்கும், விட்டுவைத்தால் வினாகிரியாகும். ஆகவே கள்ளு விட்டு மா கலக்கிறவருக்கும் புளிப்பின் கணக்கு நேரம்தான்: எத்தனை மணிக்கு இறக்கிய கள்ளு என்று கேட்டுத்தான் வாங்குவார்.

எங்கள் வீடுகளில் கள்ளு நுழையவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பதிலாக வந்தவை பழைய மா, தேங்காய்த் தண்ணீர், இளநீர். பக்கத்து வீட்டுத் தமிழ்ச் சகோதரியின் அப்பமும் எங்கள் அப்பமும் ஒரே சட்டியில் சுட்ட மாதிரித்தான் இருக்கும். உள்ளே உறை வேறு. கள்ளின் ஈஸ்ட் வேகமாகப் பொங்க வைக்கும், புளிப்பு குறைவு. பழைய மாவில் ஈஸ்டும் இருக்கிறது, புளிக்க வைக்கும் பற்றீரியாவும் நிறைய இருக்கிறது. ஆகவே பழைய மாவில் வேலை செய்கிறவருக்குப் புளிப்பைக் கட்டுப்படுத்தும் பிரச்சினை பெரிது. எங்கள் பெண்கள் இந்தக் கணக்கில் இவ்வளவு தேர்ச்சி பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நாங்கள் நினைக்கிறோம்.

ஒரு சொல்லாராய்ச்சி. அரபியில் மாவைப் பொங்கச் செய்யும் புளிமாவுக்குக் ‘கமீர்’ என்று பெயர். போதை தரும் பானத்துக்குக் ‘கம்ர்’. பெண்கள் அணியும் முக்காட்டுக்குக் ‘கிமார்’. மூன்றுக்கும் ஒரே வேர். மூடுதல் என்ற கருத்து அதில் இருக்கிறது. மாவைப் பிசைந்து மூடி வைத்தால் கமீர். ஒரே வேரில் பிறந்த சொற்களில் ஒன்று ஹராம், ஒன்று அன்றாட உணவு. வட இந்தியாவில் ‘கமீரி ரொட்டி’ என்று முஸ்லிம்கள் சுடுவது இந்தக் கமீரைப் போட்டுத்தான். கள்ளு விட்ட அப்பம் கூடுமா கூடாதா என்ற கேள்விக்கு நாங்கள் பதில் சொல்லப் போவதில்லை. அது உலமாக்களின் வேலை. நாங்கள் சொல்லவருவது, கள்ளு இல்லாமல் மாவைப் பொங்க வைக்கும் வழி உலகத்து முஸ்லிம் சமையலறைகளுக்குப் பழக்கமானது, எங்கள் ஊரும் அதில் ஒன்று.

*3. மூன்று சொற்கள்*

இனிப் பாணுக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் யாரிடமாவது “பாண் இருக்கா?” என்று கேட்டுப் பாருங்கள். விளங்காது. ரொட்டி, பிரெட் என்பார்கள். இலங்கையில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ‘பாண்’ என்கிறோம். அது போர்த்துக்கேயச் சொல். பாண் சுடும் பெரிய அடுப்பைப் ‘போறணை’ என்கிறோமே, அதுவும் போர்த்துக்கேயம். ‘வினாகிரி’யும் அப்படியே. பாண், அடுப்பு, புளிப்பு மூன்றுக்கும் அவர்கள் விட்டுப்போன பெயர்கள் எங்கள் வாயில் இருக்கின்றன.

போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் இந்தத் தீவுக்கு வந்தார்கள். திருகோணமலையைப் பிடித்தது பிந்தி. 1622இல் கோணேசர் கோயிலை இடித்து, 1624இல் அந்தக் கற்களையும் கொண்டு கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். 1782இல் சில மாத இடைவெளியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மாறிமாறிப் பிடித்தார்கள். 1795இலிருந்து ஆங்கிலேயர் நிலைத்தார்கள். இன்று பிரெட்றிக் கோட்டை என்று நாங்கள் மான் பார்க்கப் போகும் இடம் அதுதான். வந்தவர்கள் எல்லோரும் பாண் தின்கிறவர்கள்.

ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் பாண் பொங்கியது இரண்டு வழியில். ஒன்று, நேற்றைய மாவில் ஒரு பங்கை எடுத்து வைத்து இன்றைய மாவில் சேர்ப்பது. எங்கள் அப்பத்தின் அதே வழி. இன்னொன்று, பியர் காய்ச்சும்போது மேலே வரும் நுரையைச் சேர்ப்பது. இங்கே பியர் நுரைக்கு எங்கே போவது? கோவாவிலும் தென்னிந்தியக் கரையிலும் இலங்கையிலும் ஐரோப்பியருக்குப் பாண் சுட்டவர்கள் கள்ளை விட்டார்கள். உள்ளூர்ப் பெண்களின் அப்ப உறை, வெள்ளைக்காரனின் பாணுக்கு உறையாயிற்று. ஆகவே ‘சவர்டோ’ புதிதாக வந்த சாமான் அல்ல. பாண் இந்தக் கரையில் இறங்கிய நாளிலேயே எங்கள் கரையின் புளிப்பு அதற்குள் போய்விட்டது.

*4. புளிப்பு எங்கே போனது?*

அப்படியென்றால் இன்று நாங்கள் வாங்கும் இறாத்தல் பாணில் ஏன் புளிப்பே இல்லை? மூன்று விடயங்கள் நடந்தன.

முதலாவது விஞ்ஞானம். 1857இல் பிரான்சில் லூயி பாஸ்டர், பால் புளிப்பது உயிருள்ள நுண்ணுயிர்களின் வேலை என்று காட்டினார். ஈஸ்டைப் பற்றியும் அப்படியே நிறுவினார். ஈஸ்ட் காபனீரொட்சைட்டையும் அற்ககோலையும் உண்டாக்கும், பற்றீரியா அமிலத்தை உண்டாக்கும் என்று இரண்டையும் பிரித்து அறிந்த பிறகு, ஈஸ்டை மட்டும் தனியாக வளர்த்து விற்கும் தொழில் பெருகியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உலர்ந்த ஈஸ்டும் வந்தது. மா இரண்டு மூன்று மணித்தியாலத்தில் பொங்கியது. புளிப்புக்குக் காலம் வேண்டும், அந்தக் காலம் அதற்குக் கிடைக்கவில்லை. 1961இல் இங்கிலாந்தில் கண்டுபிடித்த சோர்லிவூட் என்ற முறையில், மா பிசைவதிலிருந்து பாண் வெளியே வரும்வரை சுமார் மூன்றரை மணித்தியாலம் போதும் என்றானது.

இரண்டாவது யுத்தம். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானிடம் விழுந்தன. ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலையில் குண்டு விழுந்தது எங்கள் மூத்தவர்களின் வாயில் இன்னும் இருக்கிற கதை. ஊரிலே குண்டு விழுந்ததைவிட வயிற்றிலே விழுந்த அடி பெரிது: பர்மா அரிசி நின்றுபோனது. அரிசி பங்கீட்டுக்கு வந்தது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா வந்தது. அரிசியை மட்டும் தெரிந்த வீடுகளுக்குள் பாணும் கோதுமை மா ரொட்டியும் பிட்டும் நுழைந்தது அந்தப் பசியில்தான். யுத்தம் முடிந்த பிறகும் மா போகவில்லை. 1954இல் அமெரிக்கா இயற்றிய உணவு உதவிச் சட்டத்தின் கீழ் பல நாடுகளுக்குக் கோதுமை போனது. இலங்கைக்கும் வந்தது. மூத்தவர்கள் சிலர் கோதுமை மாவை இன்றும் ‘அமெரிக்கன் மா’ என்று சொல்வது அந்தக் காலத்தின் தழும்பு. 1970களின் நடுவில் பாணுக்காக விடியற்காலையில் வரிசையில் நின்ற தலைமுறை இன்னும் எங்களோடு இருக்கிறது. அந்த வரிசையில் நின்றவருக்குப் பாண் புளிக்கிறதா இனிக்கிறதா என்பது ஒரு கேள்வியே அல்ல. பாண் கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

மூன்றாவது எங்கள் வாசலிலேயே நடந்தது. 1977இல் அரசாங்கம் செய்த ஒப்பந்தத்தின்படி சீனன்குடாவில் பிறீமா மா ஆலை எழுந்தது. 1980இல் இயங்கத் தொடங்கியது. ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய மா ஆலைகளில் ஒன்று. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. கடல் கடந்து வரும் கோதுமை எங்கள் துறைமுகத்தில் இறங்கி, இங்கே மாவாகி, தீவு முழுக்கப் போகிறது. யாழ்ப்பாணத்துப் பாணிலும் அம்பாந்தோட்டைப் பாணிலும் எங்கள் குடாவின் மா இருக்கிறது. நாட்டுக்கே மா அரைக்கும் ஊர் நாங்கள். ஆனால் அந்த மாவைப் புளிக்க வைக்கும் அறிவு பேக்கரியிலே இல்லை, அப்பச்சட்டிக்குப் பக்கத்தில் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

பேக்கரிக்காரரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இரவு முழுக்கப் போறணைக்கு முன்னால் நின்று, விடிய ஆயிரம் இறாத்தல் கொடுக்க வேண்டியவர் பழைய மாவை நம்பி இருக்க முடியாது. ஈஸ்ட் அவருக்கு உறுதி தந்தது, எங்களுக்கு மலிவான பாண் தந்தது. நாங்கள் கேட்பது, போன அறிவையும் தெரிந்து வைத்திருப்போம் என்பதுதான்.

*5. கணக்கு*

இப்போது பிள்ளைகளின் கேள்விக்கு வருவோம். அப்பக்காரியின் பதிலை எடுத்துப் பாணுக்குப் போட்டுப் பார்ப்போம்.

*பழைய மா.* அரைவாசி கோதுமை மா, அரைவாசி தண்ணீர் கலந்து போத்தலில் மூடி வையுங்கள். தினமும் பாதியைக் கழித்துப் புது மாவும் தண்ணீரும் கொடுங்கள். ஆட்டா மாவில் தொடங்கினால் இலகு. முதல் மூன்று நாள் கெட்ட வாடை வரும், பயப்பட வேண்டாம். எங்கள் வெக்கையில் ஒரு வாரத்துக்குள் பொங்கிப் பழ வாடை வரும். இதை எப்போது எடுத்துப் பாணில் போடுகிறீர்கள் என்பதில்தான் புளிப்பின் பாதி இருக்கிறது. உச்சத்துக்குப் பொங்கி நிற்கும்போது எடுத்தால் புளிப்புக் குறைவு. பொங்கி அடங்கி, மேலே தண்ணீர் தெளிந்த பிறகு எடுத்தால் புளிப்பு அதிகம். அப்ப மாவும் இப்படியேதான். பிரிட்ஜில் இரண்டு வாரம் மறந்துபோன மாவை நேரே எடுத்துப் போட்டு, “புளிக்குதே” என்று சொல்லக்கூடாது. ஒரு கரண்டி எடுத்து, அதைப் போல ஐந்து மடங்கு மாவும் ஐந்து மடங்கு தண்ணீரும் கொடுத்துப் பொங்க விடுங்கள். இரண்டு தரம் அப்படிச் செய்தால் பழைய புளிப்புக் கரைந்துவிடும்.

*சூடும் நேரமும்.* வெளிநாட்டுக் குறிப்புகள் பெரும்பாலும் 24 பாகை செல்சியஸ் அளவுள்ள சமையலறைக்கு எழுதப்பட்டவை. எங்கள் சமையலறை 30 பாகை. “இரவு முழுக்க வெளியே வையுங்கள்” என்று அங்கே எழுதியிருப்பதை இங்கே செய்தால் விடிய மா இருக்காது, கூழ் இருக்கும். 500 கிராம் மா, 325 கிராம் தண்ணீர், 10 கிராம் உப்பு, 100 கிராம் புளிமா என்றால், இங்கே நாலு மணித்தியாலமளவில் முதற்பொங்கல் முடிந்துவிடும். மா இரட்டிக்கும்வரை காத்திருக்க வேண்டாம், ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் கூடினால் போதும். கூடப் புளித்த மாவில் அமிலமும் நொதியங்களும் சேர்ந்து கோதுமையின் பசையை அறுத்துவிடும். பாண் எழும்பாமல் பரந்து தட்டையாகும். கூடின புளிப்பும் தட்டைப் பாணும் சேர்ந்து வருவது அதனால்தான். இரவு விட்டு விடியச் சுட விரும்பினால் புளிமாவை 25 கிராமுக்குக் குறையுங்கள், அல்லது உருட்டி வைத்த மாவைப் பிரிட்ஜில் வையுங்கள். ஆனால் பிரிட்ஜில் வைத்தால் புளிக்காது என்பது பாதி உண்மை. குளிரில் ஈஸ்ட் தூங்கும், அமிலம் மெல்ல மெல்ல ஏறும். ஒரு இரவு நல்லது. மூன்று இரவு என்றால் புளிப்பை விரும்புகிறவர்களுக்கு மட்டும்.

*தண்ணீர்.* புளிப்பில் இரண்டு வகை. தயிரின் புளிப்பு இலற்றிக் அமிலம், மெதுவானது. வினாகிரியின் புளிப்பு அசற்றிக் அமிலம், மூக்கில் ஏறும். தண்ணீராக, சூடாக வளரும் உறையில் தயிர்ப் புளிப்பு மிகும். இறுக்கமாக, குளிராக வளரும் உறையில் வினாகிரிப் புளிப்பின் பங்கு கூடும். அப்ப மா தண்ணீர்ப் பதம், எங்கள் வெக்கை சூடு. ஆகவே அப்பத்தின் புளிப்பு தயிர்ப் பக்கம் நிற்கிறது. உங்கள் பாணும் அப்படி வேண்டுமென்றால் உறையைத் தண்ணீர்ப் பதமாக, அறைச் சூட்டிலேயே வளருங்கள்.

*உப்பு, சீனி, சோடா.* உப்பு நொதித்தலை இழுத்துப் பிடிக்கும். அப்பத்தில் அதனால்தான் உப்புக் கடைசியில், பாணில் வெயில் காலத்தில் முதலிலேயே போடலாம். சீனி கொஞ்சம் போட்டால் ஈஸ்ட் உற்சாகமாகும், நாக்கிலும் புளிப்பை மறைக்கும். அப்பச் சோடா வேறு மாதிரி: அது காரம், அமிலத்தோடு சேர்ந்து அதை அழித்துக் காற்றை விடும். புளித்துப்போன மாவைக் காப்பாற்ற அப்பக்காரியின் கடைசி ஆயுதம் அது. ஒரு சிட்டிகை மருந்து, இரண்டு சிட்டிகை சவர்க்காரம். புளிமாப் பாணுக்கு அதைப் பழக்கமாக்க வேண்டாம். முதலிலேயே நேரத்தைப் பிடித்தால் தேவைப்படாது.

பார்த்தீர்களா? பழைய மா, நேரம், சூடு. அவர் சொன்ன மூன்றும்தான். மற்றதெல்லாம் விளக்கம்.

*6. எழுதப்படாத பக்கம்*

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் தன் புளிமாப் பாணைக் கொண்டாடுகிற ஊர். 1849இல் தங்கம் தேடி வந்தவர்களின் காலத்திலிருந்து அங்கே அது சுடப்படுகிறது. அந்தக் காலத்து உறை இன்றும் உயிரோடிருக்கிறது என்று பெருமை பேசுவார்கள். 1971இல் சுகிஹாரா, கிளைன் என்ற இரண்டு அரசாங்க ஆய்வாளர்கள் அந்தப் புளிப்புக்குக் காரணமான ஒரு பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு அந்த ஊரின் பெயரையே வைத்தார்கள். பிறகு பார்த்தால் அது ஐரோப்பாவின் புளிமாக்களிலும் இருக்கிறது. ஒரு ஊரின் புளிப்புக்கு ஆய்வுகூடம், பெயர், சரித்திரம் எல்லாம் கிடைத்தது.

எங்கள் ஊரிலே உறையைக் காப்பாற்றி வைத்திருக்க யாருக்கு முடிந்தது? 2004இல் கடல் வந்தது. 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் உடுத்த உடுப்போடு கந்தளாய்க்குப் போனார்கள். மாச்சட்டியை யாரும் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. ஆனால் உறை செத்தாலும் கணக்கு சாகவில்லை. அரிசியும் தேங்காய்த் தண்ணீரும் கிடைத்த இடத்தில் புது உறை பிறந்தது. உறையை நாலைந்து நாளில் உண்டாக்கலாம். கையை உண்டாக்க ஒரு ஆயுள் வேண்டும்.

2022இல் கேஸ் இல்லை, மா விலை ஏறியது, பாண் விலை ஏறியது. அப்போதும் எத்தனையோ குடும்பங்களை விறகடுப்பில் வைத்த ஒரு அப்பச்சட்டி காப்பாற்றியது. அந்த வீடுகளில் புளிப்பு என்பது சுவை விடயம் அல்ல. மூன்று கிலோ மா புளித்து அடங்கினால் அன்றைய வருமானம் இல்லை. பிள்ளையின் கொப்பி வாங்கும் காசு அந்தச் சட்டியில்தான் இருக்கிறது. சுபஹுக்கு முன் எழும்பிச் சட்டியைத் திறக்கும் அந்த ஒரு கணத்தில் ஒரு நாள் தீர்மானமாகிறது.

வருட ஆரம்பத்தில் மாணவர் விபரப் படிவங்களை நிரப்பி வாங்குகிறோம். ‘தாயின் தொழில்’ என்று ஒரு கோடு இருக்கும். விடிய இருநூறு அப்பம் சுட்டு விற்றுவிட்டுப் பிள்ளையைக் கூட்டிவந்த தாய் அதில் “இல்லை” என்று எழுதுவார். வெப்பநிலை, காலம், செறிவு மூன்றையும் தினமும் கணிக்கிறவர் அவர். அவருடைய மகள் பத்தாம் ஆண்டு விஞ்ஞானத்தில் நொதித்தலைப் பாடமாக்குகிறாள், வீட்டிலே அது நடப்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது நாங்கள்தான். இந்த வருடம் அந்தப் பாடத்துக்கு ஒரு சட்டி அப்ப மா வகுப்பறைக்கு வரும், கொண்டு வருகிற தாயே விளக்குவார் என்று தீர்மானித்திருக்கிறோம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் உம்மாவிடம், மூத்தம்மாவிடம், மாமியிடம் இந்த நாலு கேள்வியைக் கேளுங்கள். கள்ளும் ஈஸ்டும் இல்லாமல் முதல் உறையை எப்படி உண்டாக்கினீர்கள்? கச்சான் காலத்தில் எதை மாற்றுவீர்கள்? மா புளித்து விட்டது என்று கண்ணால், காதால், மூக்கால் எப்படி அறிவீர்கள்? யாரிடம் பழகினீர்கள்?

பதிலை ஒரு கொப்பியில் அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். மேலே அவர்களுடைய பெயரையும் ஊரையும் எழுதுங்கள். ஜமாலியாவோ கிண்ணியாவோ நிலாவெளியோ, எந்த ஊராக இருந்தாலும் சரி. கடைசி வரியில் ‘தொழில்’ என்று போட்டு, அதற்கு நேரே ‘அப்பம் சுடுதல்’ என்று எழுதுங்கள்.